13 எப்படி 24 ஆனது?

கேள்வி: மதிப்பிற்குரிய வைத்தியர் அவர்களுக்கு, தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அக்காவுக்கு மனச்சோர்வு என்று கூறிச் சில மாதங்களாக மாத்திரை கொடுத்து வருகிறார்கள். முதலில் கிளினிக்கில் ஏழு கேள்விகள் கேட்டு, பதகளிப்பு (ஓயாத பதற்றமும் கவலையும்) 13 புள்ளி என்றார்கள். சென்ற மாதம் வேறொரு வைத்தியசாலையில் இருபத்தொரு கேள்விகள் கேட்டு, 24 என்றார்கள். பதகளிப்பு இரு மடங்காகிவிட்டதா? மனச்சோர்வு என்று தெரிந்த பின்னர் பதகளிப்பை ஏன் தனியே அளக்கிறார்கள்?
– வாசகி, ஹட்டன்

பதில்: இரு மடங்காகவில்லை. நீங்கள் கூறும் கேள்விகளின் தொகையைக் கொண்டு பார்த்தால், முதலாவது 2006இல் வெளிவந்த ஜிஏடி-7 என்ற பதகளிப்பு வினாக்கொத்தாகவும், இரண்டாவது அமெரிக்க மனநல வைத்தியர் ஆரன் பெக்கும் அவருடைய சகாக்களும் 1988இல் வெளியிட்ட பெக் பதகளிப்பு அளவீடாகவும் இருக்க வேண்டும். முன்னது கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்பது. அதன் உச்சப் புள்ளி 21. பின்னது கடந்த ஒரு வாரத்தைப் பற்றிக் கேட்பது. அதன் உச்சப் புள்ளி 63. ஜிஏடி-7இல் 10 முதல் 14 வரையும், பெக் அளவீட்டில் 16 முதல் 25 வரையும் நடுத்தரப் பதகளிப்பு என்று கொள்வதால், இரண்டு தாள்களும் உங்கள் அக்காவைப் பற்றி ஒன்றையேதான் சொல்கின்றன.

தனியே அளப்பதற்குக் காரணம் உண்டு. மனச்சோர்வுள்ளவர்களில் பலருக்குப் பதகளிப்பும் கூடவே இருக்கும். அப்படி இருந்தால் குணமாவது தாமதமாகலாம், தற்கொலை அபாயமும் கூடும் என்பதால் வைத்தியர் அதை அறிந்திருக்கவே வேண்டும்.

ஆனால் மனச்சோர்வுள்ள ஒருவரிடம் இந்த எண்ணை வாசிப்பது அவ்வளவு எளிதன்று. ஜிஏடி-7 பெரும்பாலும் குடும்ப வைத்தியர்களிடம் வருவோரை மனத்திற்கொண்டு உருவானது. அதிலுள்ள எளிதில் எரிச்சலடைதல், ஓரிடத்தில் இருக்க முடியாத அமைதியின்மை போன்றவை மனச்சோர்விலும் வருவன. எனவே பதகளிப்பு நோய் தனியாக இல்லாதவருக்கும் அதில் புள்ளி ஏறிவிடும். பெக் அளவீடோ இந்தக் கலப்பைத் தவிர்க்கவென்றே நெஞ்சுப் படபடப்பு, நடுக்கம், மூச்சுமுட்டல், தலைச்சுற்று என்று உடலைப் பற்றியே அதிகம் கேட்கிறது. இரத்தச்சோகையுள்ள ஒரு பெண் நிறைந்த கொழுந்துக் கூடையோடு மேட்டில் ஏறினாலும் இவையெல்லாம் வரும். ஆகவே புள்ளி கூடியிருந்தால் ஹீமோகுளோபினையும் தைரொய்ட்டையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. (வெறும் வயிற்றில் குடிக்கும் கடுஞ்சாயமும் படபடப்பைக் கூட்டக்கூடியதே.)

ஜிஏடி-7இன் கடைசிக் கேள்வி, ஏதேனும் பயங்கரமாக நடந்துவிடுமோ என்ற அச்சத்தைப் பற்றியது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் லயங்கள் மண்சரிவில் புதையுண்டதை அறிந்த ஒருவர், மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்ட மழைக்கால இரவுகளில் உறங்காதிருந்துவிட்டு அந்தக் கேள்விக்கு ‘கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும்’ என்று பதிலளித்தால், அதற்குரிய 3 புள்ளியை முழுவதும் நோயின் கணக்கில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அந்த அச்சம் மழை ஓய்ந்த பின்னரும் தொடர்கிறதா என்று கேட்டறிந்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

தாளை நிரப்பும் விதமும் எண்ணை மாற்றும். ஜிஏடி-7 கேட்பது எத்தனை நாட்கள் அப்படி இருந்தது என்பதையே. நம்மவர்களோ எவ்வளவு கடுமையாக இருந்தது என்று எண்ணிப் பதில் சொல்லிவிடுவதுண்டு. வாசிக்கச் சிரமப்படுபவருக்கு ஒருவர் உரக்க வாசித்துக்காட்ட, பக்கத்தில் மாமியாரோ கணவரோ அமர்ந்திருந்தால் ‘அப்படியொன்றும் இல்லை’ என்ற பதில்தான் வரும். அடுத்த முறை அக்காவோடு தாதி மட்டும் தனியே இருந்து கேட்கும்படி கோருங்கள்.

இரண்டு தாள்களின் பிரதிகளையும் வாங்கி வைத்துக்கொண்டு, இனி ஒரே வினாக்கொத்தையே பயன்படுத்துமாறு வைத்தியரிடம் கேளுங்கள். மொத்தப் புள்ளியைவிட, எந்தெந்தக் கேள்விகளுக்கு 3 விழுந்தது என்பதே அவருக்கு அதிகம் உதவும். மாத்திரை தொடங்கிய அல்லது அளவு கூட்டிய முதல் சில வாரங்களில் சிலருக்குப் படபடப்பு சற்று அதிகரிப்பதுண்டு. அத்திகதிகளையும் தாளின் ஓரத்தில் குறித்துவையுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றி அக்கா ஒரு சொல் பேசினாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்; தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம்.