எச்டிஆர் போட்டால் கேம் வெளிறிப்போகிறதே!

கேள்வி: ‘டிஸ்ப்ளே எச்டிஆர் 400’ என்று பெட்டியில் போட்டிருந்த மானிட்டர் வாங்கினேன். கேமில் எச்டிஆரை ஆன் செய்தால் எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி தெரிகிறது, ஆஃப் செய்தால் பளிச்சென்று இருக்கிறது. மானிட்டர் பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. எச்டிஆர் என்பது மிக வெளிச்சமான பகுதியையும் மிக இருட்டான பகுதியையும் ஒரே காட்சியில் தெளிவாகக் காட்டும் முறை. அந்த 400 என்பது உச்ச வெளிச்சம் 400 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பதைக் குறிக்கிறது; இருட்டான பகுதியில் மட்டும் பின்விளக்கை (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) தணிக்கும் வசதி இருந்தே ஆகவேண்டும் என்று அந்தத் தரம் கேட்பதில்லை. எச்டிஆரின் உயிரே அதில்தான் இருக்கிறது. குகைக்குள் கும்மிருட்டு, வாசலில் கண் கூசும் வெயில், இரண்டும் ஒரே காட்சியில் வரவேண்டும், ஆனால் திரை முழுவதற்கும் பின்விளக்கு ஒன்றாகவே எரிந்தால் வெயிலுக்காக அதை ஏற்றும்போது இருட்டும் சேர்ந்து வெளுத்துவிடும். பின்விளக்கே இல்லாத ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு பிக்சலும் தனியாக அணையும், அதனால் இந்தத் தொல்லை இல்லை.

சரி, மானிட்டரைத் திட்டுவதற்கு முன் செட்டிங்கைப் பாருங்கள். விண்டோஸிலும் எச்டிஆர் ஆனில் இருக்கிறதா? விண்டோஸ் 11 என்றால் உங்கள் திரைக்கேற்ப எச்டிஆரைச் சரிசெய்ய மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் எச்டிஆர் காலிபிரேஷன் செயலியை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். அப்புறம் கேமுக்குள் உச்ச வெளிச்சத்தை 400-க்குப் பக்கத்தில் வையுங்கள். அங்கே 1000 என்று இருந்தால் மேகமெல்லாம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடலாம். ‘பேப்பர் ஒயிட்’ (சாதாரண வெள்ளை எவ்வளவு வெளிச்சமாகத் தெரியவேண்டும் என்ற அளவு) என்று ஒன்று இருந்தால் 200-இல் தொடங்கி கண்ணுக்கு இதமாகும் வரை நகர்த்துங்கள்.

சில கேம்களில் எச்டிஆரே பெயருக்குத்தான் (சாதாரணப் படத்தை இழுத்து நீட்டியிருப்பார்கள்). அதற்கெல்லாம் மெனக்கெடாமல் ஆஃப் செய்துவிட்டு விளையாடுங்கள்.