கோத்தகிரி டீச்சரிடம் கேட்டவை

கோத்தகிரியில் இருபது வருஷத்துக்கு மேலாக ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். விசுவாச வாழ்க்கை, சந்தோஷம் இவற்றைப் பற்றி மனதில் இருப்பதைக் கேளுங்கள் என்று சபையாரிடம் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே.

கேள்வி (கட்டபெட்டு, தேயிலை விவசாயி): டீச்சர், புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் இருந்த பைபிள் வசனம் எரேமியா 29:11, 'சமாதானத்துக்கேதுவான நினைவுகள்'. அதே மாதம் உறைபனியில் கொழுந்தெல்லாம் கருகிவிட்டது. மிச்ச இலைக்கும் விலை இல்லை. அட்டையைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

பதில்: எரிச்சல் வராமல் எப்படி இருக்கும், அண்ணா! ஆனால் அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம். அது யாருக்குச் சொன்னது என்று பார்ப்போம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோன யூத ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. முந்தைய வசனத்தைப் படியுங்கள், 70 வருஷம் ஆகும் என்று இருக்கிறது. சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டியவர்களும் அங்கே இருந்தார்கள். அவர்களிடம் ஏமாறாதீர்கள் என்றுதான் எழுதுகிறார். அதுவரை என்ன செய்வதாம்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். ஒரு வருஷத்து லாபத்துக்கான சீட்டு இல்லை அந்த வசனம். இழப்புக்கு நடுவிலும் கைவிடமாட்டேன் என்ற பேச்சு. அட்டையைக் கிழிக்க வேண்டாம், அந்த அதிகாரம் முழுவதையும் வீட்டில் சத்தமாகப் படியுங்கள். கடன் இருந்தால் மறைக்காமல் ஆயரிடம் சொல்லுங்கள். சபை என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

கேள்வி: காணிக்கை கூட்டிப் போட்டால் பல மடங்காகத் திரும்ப வரும் என்கிறார்களே?

பதில்: கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். விசனமாகவும் வேண்டாம், கட்டாயமாகவும் வேண்டாம் என்று 2 கொரிந்தியர் 9:7 சொல்கிறது. அவ்வளவுதான்.

கேள்வி (குன்னூர், கல்லூரி மாணவி): எல்லோரும் கண்ணீரோடு பாடுகிறார்கள். எனக்கு மட்டும் உள்ளே ஒன்றுமே இல்லை. மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை. எனக்கு விசுவாசம் குறைவா டீச்சர்?

பதில்: இல்லம்மா. 1 இராஜாக்கள் 19-ஐ எடு. கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றியைப் பார்த்த எலியா தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவதூதன் வந்து திட்டினானா? தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டுத் தூங்கினார். தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். பிரசங்கம் வரும் முன்பே அடை வந்துவிட்டது பார்.

என் வீட்டுக்காரர் இறந்த வருஷம் டிசம்பர் மாதம் எனக்கு ஜெபமே வரவில்லை. எதிர்வீட்டுப் படுகர் அம்மா தினமும் ஆறு மணிக்குத் தூக்குச்சட்டியில் அவரைக் குழம்பு கொண்டுவருவார். நான் நாலு வாய் சாப்பிடும் வரை அடுப்பு ஓரமாகக் குளிர் காய்ந்துகொண்டிருப்பார். ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னதில்லை. தூக்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார். அவர் கிறிஸ்தவர் இல்லை. எனக்கு அந்த அடையைக் கொண்டுவந்தவர் அவர்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

மூன்று மாதம் என்பது அதிகம். இந்த வாரமே டாக்டரைப் பார். மனநல உதவிக்கான அரசு தொலைபேசிச் சேவை டெலி மானஸ், எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் அந்த நிமிஷமே வீட்டில் சொல். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு.

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். பொறுத்துப்போனால் ஆசீர்வாதம் என்கிறார்கள்.

பதில்: பொறுமை வேறு, அடி வாங்குவது வேறு, தங்கச்சி. முதலில் நீங்களும் பிள்ளைகளும் பத்திரமான இடத்துக்குப் போங்கள். பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்யுங்கள். அவருக்குச் சிகிச்சை வேண்டும், ஜெபமும் வேண்டும். அதை அடி விழாத தூரத்தில் இருந்துகொண்டே செய்யலாம்.

கேள்வி (அரவேணு, ஓய்வுபெற்றவர், வயது 71): பிள்ளைகள் பெங்களூரில். பகலெல்லாம் மூடுபனியும் டிவியும்தான். எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்று பவுல் எழுதியது நடக்கிற காரியமா?

பதில்: ஐயா, பவுல் அதைப் பிலிப்பியர் 4:4-இல் எழுதும்போது காவலில் இருந்தார். அதே அதிகாரத்தில், எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். 'கற்றுக்கொண்டேன்' என்ற சொல்லில்தான் என் கண் நிற்கிறது. அவருக்கும் அது தானாக வரவில்லை. கையில் பிடித்துக் கற்றுக்கொள்கிற வேலை அது, கொழுந்து கிள்ளப் பழகுவதுபோல. வீட்டில் தனியாக உட்கார்ந்து அதைப் பழக முடியாது என்பது என் அனுபவம். அந்த நிருபமே பிலிப்பி சபையார் அனுப்பிய உதவிக்கு நன்றி சொல்லித்தான் முடிகிறது. காவலில் இருந்தவருக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

காலையில் ஒரு சங்கீதம் படியுங்கள். 71-இல் ஆரம்பிக்கலாம், உங்கள் வயதுதான், முதிர்வயதில் என்னைத் தள்ளிவிடாதேயும் என்று கேட்கிற சங்கீதம். அப்புறம் வீட்டைவிட்டு இறங்குங்கள். எங்கள் ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஆள் இல்லை. ஒன்பது மணிக்கு ஆரம்பம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாருங்கள், ஹாலில் குளிர் அதிகம்.