ஹவில்தார் பதில்கள்: சம்மதம் கேட்காத தாள்

கேள்வி: ஹவில்தார் ஐயா, என் மகள் குடும்பம் டொரொண்டோவில் இருக்கிறது. பேரன் காலேஜில் சரித்திரப் பாடத்துக்காக ஒரு கனடா சிப்பாயின் பழைய தாளை எடுத்திருக்கிறான். எனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். முதல் உலகப்போரில் கட்டாயமாகப் பிடித்துப் போன ஆளாம். தொழில் விவசாயம், கல்யாணம் ஆகவில்லை, மருத்துவத் தரம் ஏ-2 என்று போட்டிருக்கிறது. “தானாகப் போகாதவர் பயந்தாங்கொள்ளிதானே அம்மாச்சி?” என்று கேட்கிறான். எனக்கு அதைவிட, நாளைக்கு இவனையும் இப்படிப் பிடித்துக்கொண்டு போவார்களோ என்றுதான் பக்கென்று இருக்கிறது.
வாசகி, தங்கச்சிமடம்

பதில்: முதலில் உங்கள் வயிற்றில் பாலை வார்த்துவிடுகிறேன். இன்று கனடாவில் கட்டாய ராணுவச் சேவை கிடையாது. விரும்பிச் சேருகிறவர்கள்தான். நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

இப்போது பேரனுக்கு. அந்தத் தாளை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். தானாகச் சேர்ந்தவர்களின் தாளில், கடல் கடந்து போகும் படையில் சேவை செய்யச் சம்மதமா என்று ஒரு கேள்வி இருக்கும். உங்கள் பேரன் அனுப்பியதில் அது இருக்காது. 1917-ஆம் ஆண்டு ராணுவச் சேவைச் சட்டத்தின்படி எடுக்கப்பட்டவர் என்று தலைப்பிலேயே அச்சடித்திருக்கும். ஊர், மதம், தொழில், நெருங்கிய உறவு யார் என்றெல்லாம் கேட்டுவிட்டு, ‘மேலே கண்ட விவரங்கள் என்னுடையவை, உண்மையானவை’ என்று கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். சம்மதம் என்ற பேச்சே கிடையாது.

1917 ஆகஸ்டில் வந்தது அந்தச் சட்டம். மூன்று வருஷப் போரில் ஆள் தீர்ந்துபோய், தானாக வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். முதல் கட்டமாக 20 முதல் 34 வயது வரை உள்ள கல்யாணமாகாதவர்களைக் கூப்பிட்டார்கள். நான்கு லட்சம் பேர் பதிந்தார்கள், அதில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் விலக்குக் கேட்டு மனுப் போட்டார்கள். அத்தனை பேரும் பயந்தாங்கொள்ளிகளா? நிலத்தை யார் உழுவது, அம்மாவை யார் பார்ப்பது என்று கேட்டவர்கள்தான் அவர்கள். விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு என்று தேர்தலுக்கு முன்னால் வாக்குக் கொடுத்திருந்தார்கள். 1918 ஏப்ரலில், விதைப்பு நேரமாகப் பார்த்து, அதையும் ரத்து செய்தார்கள். நம் பக்கத்துக் கணக்கில் சொன்னால், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15 அன்று ஐஸும் டீசலும் ஏற்றி நிற்கிற விசைப்படகிலிருந்து ஆளை இறக்கிக்கொண்டு போனது மாதிரி. கியூபெக் நகரத்தில் அதற்கு முன்பே, ஈஸ்டர் சமயத்தில், கட்டாய ஆளெடுப்பை எதிர்த்துக் கலவரம் வெடித்துத் துப்பாக்கிச் சூடு வரை போய்விட்டது.

இப்படி எடுக்கப்பட்டவர்களில் போர் முடிவதற்குள் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 24,000 பேர். ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஜார்ஜ் பிரைஸ். நோவா ஸ்கோஷியாவில் பிறந்து, சஸ்காட்சவானில் மூஸ் ஜா என்ற ஊரில் இருந்தவர், 1917-இல் கட்டாயமாக எடுக்கப்பட்டவர். 1918 நவம்பர் 11, காலை 11 மணிக்குப் போர் நிற்க வேண்டும். பெல்ஜியத்தில் மோன்ஸ் பக்கம் கால்வாயைத் தாண்டிப் போனவரை 10:58-க்கு மறைந்திருந்து சுட்டார்கள். இரண்டே நிமிஷம். பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் படைகளில் கடைசியாக விழுந்த சிப்பாய் இவர்தான் என்கிறார்கள். அவர் கிடக்கிற மயானத்திலேயே, 1914-இல் முதலில் செத்தவர் என்று சொல்லப்படுகிற பிரிட்டிஷ் சிப்பாயும் இருக்கிறார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யச் சிப்பாய்களுக்கு வைத்த கல்லெல்லாம் ஒரே மாதிரிதான். தானாக வந்தவர், இழுத்து வரப்பட்டவர் என்று எதிலும் வெட்டவில்லை.

இரண்டாம் உலகப்போரிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டாயமாக எடுத்தவர்களை உள்நாட்டுக் காவலுக்கு மட்டும் வைத்தார்கள். கடல் தாண்டச் சம்மதிக்காதவர்களுக்கு ‘ஜாம்பி’, அதாவது நடைப்பிணம் என்று பட்டப்பெயர். 1944 கடைசியில் அவர்களையும் அனுப்பினார்கள். அப்படிப் போன ஜாம்பிகளில் 69 பேர் செத்தார்கள்.

என் கதையையும் கேளுங்கள். 1974-இல் ராமநாதபுரத்தில் ஆளெடுப்பு. அப்பாவுக்குக் குண்டு மிளகாய் விவசாயம், தொடர்ந்து மூன்று வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. டேப் வைத்து மார்பை அளந்தவர் மூச்சை இழு என்றார், இழுத்தேன். சொந்த விருப்பத்தில்தானே வருகிறாய் என்றார். “ஆமா சார்” என்றேன். அந்த ‘ஆமா’வில் என் பங்கு பாதிதான், மீதி வீட்டுக் கடன். ஆனால் என் தாளில் ‘விருப்பம்’ என்றுதான் இருக்கும். ஆகவே தாளை வைத்து ஆளின் தைரியத்தை எடை போட வேண்டாம் என்று பேரனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: போன இதழுக்கு எழுதியவள்தான் ஐயா. பதிலைப் பேரனுக்குப் படித்துக் காட்டினேன். அந்தச் சிப்பாய் அப்புறம் என்ன ஆனார் என்று எப்படிப் பார்ப்பது என்கிறான்.
அதே வாசகி, தங்கச்சிமடம்

பதில்: கனடாவின் தேசிய நூலகமும் ஆவணக்காப்பகமும் முதல் போர்ச் சிப்பாய்களின் கோப்புகளை முழுசாக ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறது, காசு கிடையாது. தாளில் உள்ள படை எண்ணைக் கொடுத்துத் தேடினால் போதும். ஆஸ்பத்திரிச் சீட்டு, தண்டனை, எந்தப் பட்டாலியன், எந்தத் தேதி எல்லாம் வரும். சம்பளப் பக்கத்தை மட்டும் அவசரமாகத் தள்ள வேண்டாம். சாதாரணச் சிப்பாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு டாலர், களத்தில் பத்து சென்ட் கூட. அதில் ஒரு பகுதியை வீட்டுக்கு ஒதுக்கிக் கொடுக்கலாம், யாருக்கு என்று அங்கே எழுதியிருக்கும். கல்யாணமாகாத பையன்தானே, அம்மா பெயரைத் தேடச் சொல்லுங்கள். நீலகிரி வெலிங்டன் ராணுவப் பயிற்சி முகாமிலிருந்து நான் அனுப்பிய முதல் மணியார்டரின் துண்டுச்சீட்டை என் அம்மா அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தார். அவர் இறந்த பிறகுதான் என் கைக்கு வந்தது.