வாசகர் கேள்வி-பதில்: மட்டியும் உப்புத் தண்ணீரும்

கேள்வி: திஸ்ரியா (மும்பைப் பக்கம் மட்டிக்குப் பெயர்) வாங்கிக் குழாய்த் தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்தும் குழம்பில் மணல் நறநறக்கிறதே? (வாசகி, செம்பூர்)

பதில்: குழாய்த் தண்ணீர்தான் வினை. நல்ல தண்ணீர் பட்டதும் மட்டி ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். அப்புறம் மணல் எங்கிருந்து வெளியே வரும்? முந்தின இரவே பிடித்து வைத்த தண்ணீரில், லிட்டருக்கு 25–30 கிராம் கல்லுப்பு கரையுங்கள். அகலமான பாத்திரத்தில் வடிதட்டைக் கவிழ்த்து, மேலே மட்டியை ஒரே அடுக்காகப் பரப்பி, மூழ்கும் அளவு மட்டும் ஊற்றி, இருட்டாக மூடி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு குழல்கள் நீளும். ஒன்று நீரை இழுக்கும், மற்றது பீச்சும். 2–3 மணி நேரத்தில் மணல் தட்டுக்கடியில் தங்கிவிடும். குவித்து வைத்தீர்களோ, மேலே உள்ளது கக்கியதைக் கீழே உள்ளது இழுத்துக்கொள்ளும்.

கழுவும்போது ஒவ்வொன்றையும் இரு விரலுக்கு நடுவே பிடித்து, ஓடுகளை எதிரெதிரே நகர்த்திப் பாருங்கள். வழுக்கினால் உள்ளே சதை இல்லை, கருஞ்சேறு. அப்படி ஒன்று சட்டிக்குள் போனாலும் குழம்பு போச்சு. வாய் பிளந்து கிடப்பது, தட்டியும் மூடாவிட்டால் செத்தது, எறியுங்கள்.

கேள்வி: மட்டியில் ஆண், பெண் உண்டா? (மாணவர், தாராவி)

பதில்: உண்டு, வெளியே தெரியாது. அமெரிக்கக் கெட்டி மட்டியான மெர்சினேரியா பெரும்பாலும் ஆணாகத் தொடங்கும்; வளர வளர அவற்றில் ஏறக்குறையப் பாதி பெண்ணாகிவிடும்.

கேள்வி: அலிபாக் பக்கம் ஓடைக்கரை இடம் இருக்கிறது. அந்த அமெரிக்க மட்டியை வளர்க்கலாமா? (வாசகர், மாட்டுங்கா)

பதில்: அயல்நாட்டு விதையை (மட்டிக் குஞ்சுகளை) அரசு அனுமதியில்லாமல் இறக்க முடியாது. நம் ஓடை மட்டியே போதும். முறையை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஃப்ளோரிடாவில் 5 மி.மீ. விதையை நெருக்கக் கண் வலைப்பையில் வளர்த்து, 12–15 மி.மீ. ஆனதும் 4 அடிச் சதுரப் பைக்கு ஏறக்குறைய 1,000 வீதம் மாற்றி, மணலில் பதிக்கிறார்கள். அதிகம் திணித்தால் தீனி போதாமல் குட்டையாகவே நிற்கும்.

முதலில் காலை வைத்துப் பாருங்கள். முழங்கால் வரை புதைகிற சேறு ஆகாது, மட்டி மூச்சுத் திணறிச் சாகும். மணல் கலந்த தரை வேண்டும். பைக்கண்ணில் பாசியும் கொட்டலசும் (ஒட்டி வளரும் சிறு ஓட்டுயிரி) அடைத்தால் நீரோட்டம் குறையும், தேய்த்து எடுங்கள். பொடி நண்டு கண் வழியே புகுந்து உள்ளேயே பெருத்து, விதையை உடைத்துத் தின்னும். அவ்வப்போது பையைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் மழை. ஜூன் வெள்ளத்தில் ஓடையின் உப்பு சரிந்தால் மட்டி நாள்கணக்கில் வாய் மூடிக் கிடந்து சாகும். மழை விட்டதும் உப்பு ஆயிரத்துக்கு 20 (லிட்டருக்குச் சுமார் 20 கிராம்) தாண்டியபின் விதைத்து, மே மாதத்துக்குள் அள்ளிவிடுங்கள்.

கேள்வி: நன்றாக வேகவைத்தால் பயமில்லையே? (வாசகி, சயான்)

பதில்: கிருமிக்குச் சரி. நச்சுப்பாசியைத் தின்ற மட்டியின் விஷம் கொதித்தாலும் போகாது; 1981-ல் தமிழ்நாட்டிலேயே அதனால் உயிர்ச்சேதம் நடந்திருக்கிறது. கடல் நிறம் மாறிக் கிடக்கும் நாளில் அந்தப் பக்கத்து மட்டி வேண்டாம். சாக்கடை, ஆலைக்கழிவு கலக்கும் ஓடையிலிருந்து வந்ததும் வேண்டாம்; சதையில் சேர்ந்த உலோகம் உப்புநீரில் ஊறவைத்துப் போகிற சமாசாரமில்லை.