சாதி பார்த்து உட்காரும் வகுப்பைச் சேர்ப்பது எப்படி?

எட்டாம் வகுப்பு, 40 பேர், சாதிவாரியாகப் பெஞ்சு பிரித்து உட்காருகிறார்கள், அறிவுரை எடுபடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எடுபடாது. காலையில் உறுதிமொழி எடுத்த கையோடு அவரவர் பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். பக்கத்தில் இருப்பவன் வாய் திறந்தால்தான் தனக்குப் பாடம் புரியும் என்கிற நிலைமையை உண்டாக்குங்கள்.

1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் வெள்ளை, கறுப்பு, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது அடிதடி ஆனது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் அப்போது உருவாக்கியதுதான் ‘ஜிக்சா’ முறை: பாடத்தைத் துண்டு போட்டு, ஆளுக்கொரு துண்டைப் படித்துக் குழுவில் மற்றவர்களுக்கு நடத்த வைப்பது.

செரிமான மண்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாய், இரைப்பை, சிறுகுடல், கல்லீரலும் கணையமும், பெருங்குடல் என ஐந்து துண்டு. ஒவ்வொன்றும் அரைப்பக்கம், எட்டு நகல். உட்கார்ந்த வரிசையிலேயே 1 முதல் 8 வரை திரும்பத் திரும்ப எண்ணச் சொல்லுங்கள். ஒரே எண்காரர்கள் ஐந்து பேர் ஒரு குழு. ஒட்டி உட்கார்ந்தவர்கள் தானாகப் பிரிந்துவிடுவார்கள். குழுவை அவர்களே அமைத்தால் பழைய பெஞ்சுதான் திரும்பி வரும்.

புத்தகம் பைக்குள். ஆளுக்கொரு துண்டு, 5 நிமிடம் வாசிப்பு. பிறகு ஒரே துண்டுக்காரர்கள் நான்கு நான்கு பேராகக் கூடி 10 நிமிடம் ஒத்திகை. நேரமில்லை என்று இதை வெட்டாதீர்கள், தட்டுத்தடுமாறி வாசிக்கும் பிள்ளை தேறுவது இங்கேதான். அப்புறம் சொந்தக் குழுவுக்குத் திரும்பி ஆளுக்கு 4 நிமிடம் பாடம் நடத்த வேண்டும். கடைசி 8 நிமிடம் டெஸ்ட். மதிப்பெண் தனித்தனியாகத்தான். குழு மதிப்பெண் போட்டால் மெதுவான பிள்ளையை மற்ற நால்வரும் வெறுப்பார்கள், நீங்களே பகையை மூட்டியதாகிவிடும்.

முதல் வாரம் சொதப்பும். சிறுகுடல் துண்டுக்காரன் தாளையே பார்த்து முணுமுணுப்பான், மற்றவர்கள் சிரிப்பார்கள். அப்போது அதட்டாதீர்கள். “டெஸ்ட்டில் சிறுகுடல் கேள்வி வரும், அவனிடம் கேட்டு வாங்குங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு நகருங்கள். “ஏன் ஆறு மீட்டர் நீளம்?” என்று ஒருத்தி கேட்டுவிட்டால் போதும், அவன் நிமிர்ந்துவிடுவான். ஆறு வாரம் அதே குழு. தலைவர்கள் பாடத்தை மட்டும் ஆரம்பத்தில் எடுக்காதீர்கள். அவர்களுக்கும் சாதிச் சாயம் பூசித்தானே வைத்திருக்கிறோம்.

இதனால் சாதி ஒழிந்துவிடுமா என்று கேட்பவர்களுக்கு: ஒழியாது. ஊரில் நடப்பது வேறு. 2023-ல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு கூடாது, அகர வரிசையில் உட்கார வையுங்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் ‘எஸ்சி ஸ்காலர்ஷிப் பசங்க எந்திரிங்க’ என்று வகுப்பு நடுவில் கூப்பிடும் ஆசிரியர்கள் இன்னமும் இருக்கிறார்களே! அந்த ஒரு வரி ஆறு வார வேலையைக் கலைத்துவிடும். ஸ்காலர்ஷிப் படிவத்தை மடித்து, பெயர் எழுதி, மாலையில் தனித்தனியாகக் கையில் கொடுங்கள்.