டெக்ஸாஸ் அரசு ஆற்றில் போட்ட மிதவைத் தடுப்பால் பயன் உண்டா?

மெக்சிகோவிலிருந்து ஆற்றைக் கடந்து அமெரிக்காவுக்குள் வருகிறவர்களைத் தடுக்க, 2023 ஜூலையில் ஈகிள் பாஸ் நகருக்கு அருகே எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே ஆற்றில் டெக்ஸாஸ் மாநில அரசு போட்ட ஆரஞ்சு நிற மிதவைகளைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? என்னைக் கேட்டால், பெரிய பயன் இல்லை.

கை வைத்தால் உருளும் பெரிய உருண்டைகள், இடையிடையே ரம்பப் பல் வைத்த உலோகத் தட்டுகள். பார்க்க மிரட்டலாகத்தான் இருக்கும். ஆனால் முதலில் போட்ட நீளம் சுமார் 300 மீட்டர். டெக்ஸாஸ்-மெக்சிகோ எல்லையோ ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். சுற்றிப் போக யாரும் வழி சொல்லித்தர வேண்டியதில்லை. போகிற இடத்தில் ஆழமும் இழுப்பும் எப்படி இருக்கும் என்பதுதான் பயம்.

அதைவிட முக்கியமான விஷயம், அங்கே ஆற்றைக் கடந்தவர்களில் ஏராளமானோர் ஒளிந்து ஓட வந்தவர்களே இல்லை. கரையேறியதும் தாங்களாகவே எல்லைக் காவலரிடம் போய் நின்று புகலிடம் கேட்டார்கள். எந்த வழியாக வந்திருந்தாலும், அமெரிக்க மண்ணில் கால் வைத்தவர் புகலிடம் கேட்கலாம் என்கிறது அந்த நாட்டுச் சட்டம். பிடிபடுவதற்கென்றே வருகிறவரை மிதவை என்ன செய்யும்?

அதற்காக, எல்லையில் நெருக்கடி என்று டெக்ஸாஸ் ஆளுநர் கிரெக் அபாட் சொல்வதெல்லாம் வெறும் அரசியல் என்றும் தள்ளிவிட மாட்டேன். முப்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊர் ஈகிள் பாஸ். கூட்டம் தாங்காமல் 2023 செப்டம்பரில் நகர மேயரே அவசரநிலை அறிவித்தார். அவர் அபாட்டின் கட்சிக்காரரும் இல்லை.

நீதிமன்றத்தில் நடந்ததுதான் வேடிக்கை. மிதவைகளுக்கு எதிராக மத்திய அரசு கையில் எடுத்தது, படகு போகும் ஆறுகளில் அனுமதியில்லாமல் தடுப்பு போடக் கூடாது என்கிற 1899-ஆம் ஆண்டு நீர்வழிச் சட்டத்தை. ஆக, இது படகுப் போக்குவரத்துக்கு உகந்த ஆறா இல்லையா என்பதே வாதமாகிப் போனது! மிதவைகளைக் கரைக்கு நகர்த்தச் சொன்னார் கீழ் நீதிமன்ற நீதிபதி. 2024 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை ரத்து செய்தது. இதற்கிடையில், அளந்து பார்த்தபோது மிதவைகளில் பெரும்பகுதி மெக்சிகோ பக்கம் கிடந்தது தெரிந்து, டெக்ஸாஸ் அவற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

2024-இல் கூட்டம் குறைந்தது உண்மை, அபாட் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார். ஆனால் அந்த ஆண்டு மெக்சிகோ அரசு வருகிறவர்களை வழியிலேயே மடக்கித் தெற்கே திருப்பி அனுப்பியது. அப்புறம் ஜூனில் பைடன் அரசு புகலிட விதிகளையே இறுக்கியது. குறைந்ததற்கு இந்த இரண்டும்தான் முதல் காரணம் என்பேன்.