சிறு வயதில் ஆட்டிசம் என்றார்கள், எனக்கு இருப்பது ஏடிஎச்டியா?

கேள்வி: எனக்கு வயது 24. 2006இல், ஐந்து வயதில், ஆட்டிசம் என்று சொன்னார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டேனாம், மற்ற பிள்ளைகளோடு சேர மாட்டேனாம். இன்று எனக்கு நெருங்கிய நண்பர்கள் இருக்கிறார்கள். கிண்டல், ஜாடைப் பேச்சு எல்லாம் புரிகிறது. ஆனால் எந்த வேலையையும் உட்கார்ந்து முடிக்க முடிவதில்லை. சாவி, போன் என்று எதையாவது தொலைத்துக்கொண்டே இருக்கிறேன். அடுத்தவர் பேசி முடிப்பதற்குள் குறுக்கே பேசிவிடுகிறேன். ஏடிஎச்டி (கவனக் குறைவும் அதீதத் துறுதுறுப்பும் உள்ள குறைபாடு) பற்றிப் படித்தபோது என்னைப் பற்றியே எழுதியதுபோல் இருந்தது. அப்போது சொன்னது தவறா? அம்மாவிடம் கேட்டால், "அதெல்லாம் டாக்டர் அப்பவே சொல்லியாச்சு, இப்ப எதுக்குக் கிளறுற?" என்கிறார். ஏடிஎச்டி மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமா?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. ஐந்து வயதுக் குழந்தையைப் பார்த்துச் சொன்னதை 24 வயதில் இன்னொரு முறை பாருங்கள் என்று கேட்பது யாரையும் குறை சொல்வதாகாது. அதற்குத் தயங்கவே வேண்டாம்.

நீங்கள் எழுதியிருக்கும் 2006 என்ற ஆண்டு இதில் முக்கியம். மனநல மருத்துவர்கள் பெரும்பாலும் பின்பற்றும் டிஎஸ்எம் என்ற, மனநலக் குறைபாடுகளைக் கண்டறிவதற்கான அமெரிக்கக் கையேட்டின் நான்காம் பதிப்பு 1994இல் வந்தது. ஆட்டிசம் வகைக் குறைபாடு இருக்கிற குழந்தைக்குக் கூடவே ஏடிஎச்டி என்று தனியாக எழுதக் கூடாது என்பது அதன் விதி. 2013இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோதுதான் அந்தத் தடையை எடுத்தார்கள். அதனால் உங்களைப் பார்த்த மருத்துவர் அன்றைக்கே கவனச் சிதறலையும் துறுதுறுப்பையும் கவனித்திருந்தாலும், அவற்றையும் ஆட்டிசத்தின் கணக்கிலேயே சேர்த்திருக்கலாம். பழைய ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் தேடி எடுங்கள். முடிவாக எழுதிய ஒற்றை வார்த்தையைவிட, என்னென்ன பார்த்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்ற விவரம்தான் இப்போது பயன்படும். காது கேட்கும் திறனைச் சோதித்தார்களா என்றும் பாருங்கள். கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு முதலில் செய்ய வேண்டிய பரிசோதனை அதுதான். நடுச்செவியில் நீர் கோத்துக்கொண்டாலும் பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள்.

இதற்காக அன்று சொன்னது தவறு என்று நான் சொல்லிவிட முடியாது. இதுவா அதுவா என்று நீங்கள் கேட்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தே இருப்பது மிகவும் சகஜம். ஆட்டிசம் உள்ளவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் ஏடிஎச்டியும் இருக்கிறது. இரண்டில் ஏடிஎச்டிதான் அன்றாட வேலையைக் கண்முன்னே கெடுக்கும் என்பதால், அது மட்டுமே இருப்பதுபோல் தெரிவதும் உண்டு.

வெளியே ஒரே மாதிரி தெரிகிற நடத்தைக்கு உள்ளே வேறு வேறு காரணம் இருக்கும். குறுக்கே பேசுவதையே எடுத்துக்கொள்வோம். நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு ஒன்று தோன்றுகிறது. இப்போது சொல்லாவிட்டால் மறந்துவிடும் என்று வாய் முந்திக்கொள்கிறது. அடுத்த நொடியே, "ஐயோ, அவர் இன்னும் முடிக்கலையே" என்று உறைக்கிறது. இது ஏடிஎச்டியில் அடிக்கடி கேட்கிற கதை. பேச்சில் தன் முறை எப்போது வருகிறது என்பதே பிடிபடாமல், சொல்ல வேண்டியதை வைத்துக்கொண்டு காத்திருந்து, சம்பந்தமில்லாத இடத்தில் நுழைந்துவிடுவது ஆட்டிசத்தில் கேட்கிற கதை. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஜாடைப் பேச்சு புரிகிறது என்கிறீர்கள். எப்படிப் புரிகிறது என்று யோசித்துப் பாருங்கள். கேட்ட மாத்திரத்தில் தானாகப் புரிகிறதா? அல்லது முகத்தைப் பார்த்து, குரலைக் கவனித்து, முன்பு இப்படி நடந்ததே என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் புரிந்துகொள்கிறீர்களா? விசேஷத்துக்குப் போய் வந்தால் அடுத்த நாள் முழுக்க அறையை விட்டு வெளியே வர முடியாத அளவுக்குச் சோர்ந்துபோகிறீர்களா? ஆட்டிசம் உள்ள பலர், குறிப்பாகப் பெண்கள், வருடக்கணக்காகப் பழகிப் பழகி அதை வெளியே தெரியாமல் மறைத்துவிடுகிறார்கள். நண்பர்கள் இருப்பதாலேயே ஆட்டிசம் இல்லை என்று ஆகிவிடாது.

ஆர்வங்களையும் பாருங்கள். கிட்டார், போட்டோகிராபி, செடி வளர்ப்பு என்று மாதம் ஒன்றில் தலைகீழாக விழுந்து, சலித்து, விட்டுவிடுவது ஏடிஎச்டிக்குப் பொருந்தும். ஒரே விஷயத்தை எட்டு வயதிலிருந்து விடாமல், அதன் நுணுக்கம் வரைக்கும் தெரிந்து வைத்திருப்பது ஆட்டிசத்துக்குப் பொருந்தும். கடைசி நேரத்தில் திட்டம் மாறினால் அன்றைய நாளே குலைந்துபோகிறதா, இல்லை, "அப்பாடா, வேற ஏதாவது பண்ணலாம்" என்று இருக்கிறதா என்பதும் ஒரு தடயம். சத்தமும் வெளிச்சமும் தாங்க முடியாமல் போவதை வைத்து மட்டும் பிரிக்க முடியாது, இரண்டிலும் வரும். ஒரு தடயம் பொருந்தியதும் முடிவு கட்டிவிடாதீர்கள், மொத்தமாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஏடிஎச்டி என்று சொல்ல, அதன் அறிகுறிகளில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வீடு, படிப்பு, வேலை என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். தூக்கக் குறைவு, பதற்றம், மனச்சோர்வு, தைராய்டு கோளாறு ஆகியவையும் கவனத்தைக் கெடுக்கும் என்பதால் அவற்றையும் பார்த்துவிடுவார்கள். இதற்கென ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. இணையத்தில் இருக்கும் கேள்வித்தாள் மருத்துவரிடம் போகலாமா என்று சொல்லும், அவ்வளவுதான்.

பெரியவர்களிடம் ஆட்டிசம், ஏடிஎச்டி இரண்டையும் பார்த்துப் பழக்கமுள்ள மனநல மருத்துவர் அல்லது கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் போங்கள். "ஆட்டிசத்தை எடுத்துவிடுங்கள்" என்று கேட்காமல், "இரண்டையும் முதலிலிருந்து பாருங்கள்" என்று கேளுங்கள். பள்ளி ரிப்போர்ட் கார்டுகளைக் கொண்டுபோங்கள். மார்க்கை விட, ஓரத்தில் ஆசிரியர் எழுதிய "கவனம் போதாது", "தனியாகவே இருக்கிறான்" போன்ற ஒரு வரி அதிகம் சொல்லும்.

அம்மாவிடம், "அப்போது சொன்னது தவறா?" என்று கேட்டால் அவருக்குப் பயம்தான் வரும். உங்களைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவர் அவர், அதையெல்லாம் மறுபடி கிளற யாருக்கும் மனம் வராது. அதனால் சின்னச் சின்னதாகக் கேளுங்கள். நான் எப்போது பேச ஆரம்பித்தேன்? வானத்தில் விமானம் போனால் உன்னைப் பார்த்து, விரலை நீட்டிக் காட்டுவேனா? பொம்மைக்குச் சோறு ஊட்டுவதுபோல் விளையாடுவேனா? ஒரே சட்டைதான் வேண்டும், ஒரே வழியாகத்தான் போக வேண்டும் என்று அழுவேனா? இவற்றுக்கு அவர் சந்தோஷமாகவே பதில் சொல்வார். மருத்துவருக்குத் தேவையானதும் இந்தப் பதில்கள்தான். வருவதாக இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள்.

மாத்திரை சாப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மெத்தில்பெனிடேட் போன்ற மருந்துகள் ஏடிஎச்டி இல்லாதவர்களுக்கும் கொஞ்சம் சுறுசுறுப்பைத் தரும், எனவே அது சோதனை ஆகாது. நண்பரிடம் இருக்கிறது என்று வாங்கிப் போட்டுவிடாதீர்கள். ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் இதயப் பிரச்சினை இருந்ததா என்றெல்லாம் பார்த்த பிறகே அதைத் தொடங்குவார்கள். இரண்டும் இருப்பவர்களுக்கும் இந்த மருந்து உதவுகிறது. ஆனால் ஏடிஎச்டி மட்டும் உள்ளவர்களைவிடக் குறைவான பேருக்கே பலன் தெரிகிறது. எரிச்சல், பசியின்மை, தூக்கமின்மை போன்ற தொந்தரவுகளும் கூடுதல். அதனால் ரொம்பச் சிறிய அளவில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுவார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே, பழைய ஆட்டிசம் ரிப்போர்ட்டை மறைக்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஆட்டிசம் சான்றிதழை வைத்துப் படிப்பிலோ வேலையிலோ ஏதாவது சலுகை கிடைத்துக்கொண்டிருந்தால், புதிய மதிப்பீடு முடியும் வரை அதை நீங்களாக விட்டுக்கொடுக்க வேண்டாம்.